பூஜ்யத்தால் பெருக்கிய தூக்கம்

மாரியம்மன் பண்டிகை முடிந்து, கோயில் முன்னால் நட்டிருந்த கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்ட அந்த வாரத்தில், பாவடித் தெருவில் அதுவரை ஆளுக்கொன்றாக இருந்த தூக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டியது என்று உட்கார்ந்து யோசிக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. வீட்டை ஒட்டியே கொட்டகை போட்டு, பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிற தெரு அது, ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், ஒரு வீட்டுத் தறிச் சத்தம்தான் அடுத்த வீட்டுக்குத் தாலாட்டு, அப்படிச் சுவரும் சத்தமும் பொதுவாகிப்போன இடத்தில் தூக்கமும் ஒருநாள் பொதுவாகிப்போனதில் என்ன இருக்கிறது என்றுதான் பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள்.

முதலில் தெரிந்தது அர்த்தநாரி வீட்டில். நான்கு தறி வைத்திருந்த அர்த்தநாரி, ஓட்டுகிற ஆள் வராததால் பாதி ராத்திரிவரை தானே நின்று ஓட்டிவிட்டு வந்து மீதிப் பாதியைத் தூங்கினார். பொழுது சாய்ந்ததுமே படுத்துவிட்ட அவர் மனைவி வசந்தாமணி, இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிறவள், அன்றைக்கு யாரோ பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டதுபோல் பாதியில் விழித்து, அதற்குமேல் ஒரு பொட்டுகூடக் கண்ணயர முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள், பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கோகிலாவும் அதில் சேர்ந்துகொண்டாள். கைக்குழந்தை அவளைப் பாதி ராத்திரிதான் படுக்கவிட்டது, அப்பாவும் பாதிதான் தூங்கினார், ஆனால் அந்த வீட்டில் யாருக்குமே பாதி கிடைக்கவில்லை, எல்லாருக்கும் கால்தான் கிடைத்தது. பிறந்து கண்ணைத் திறக்கவே சோம்பல்படுகிற அந்தச் சிசுவுக்கும் அதே கால்தான்.

பிறகு அது சுவர் தாண்டியது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்த வீட்டின் முக்காலும், மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாத மாமியார் வீட்டின் அரையும், செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு படுக்கிற மாப்பிள்ளை வீட்டின் காலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கால் அரைக்காலாகி, அரைக்கால் அதிலும் பாதியாய் வீசமாகி, தெரு முழுக்க வீசம் தூக்கத்தில் எழுந்து வாசல் தெளித்தது. கொசு என்றார்கள், வெயில் என்றார்கள், டீக்கடைப் பால் மேல் சந்தேகப்பட்டார்கள். டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி விழுங்கினவர்களும் விழுங்காதவர்களும் ஒரே விநாடியில் விழித்தார்கள். ஒரே விநாடியில் அத்தனை வீட்டிலும் லைட் சுவிட்சு தட்டுகிற சத்தம் கேட்டபிறகுதான் இது கொசுவின் வேலை இல்லை என்று விளங்கியது.

கணக்கைச் சொன்னது ரேணுகாதேவி டீச்சர். தெருவின் நடுவீட்டில் இருந்தாள், பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். காலையில் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றபடி, யார் எந்நேரம் படுத்தார்கள் என்று விசாரித்துவிட்டு, "இது கூட்டல் இல்லீங்க, பெருக்கல்" என்றாள்.

"பெருக்குனாப் பெருகத்தானுங் டீச்சர் வேணும்?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"ஒண்ணுக்கு மேல இருந்தாத்தான் பெருகும். ஒண்ணுக்குக் கீழ இருக்கறதைப் பெருக்கப் பெருக்கத் தேயும். அரையில அரை கால், காலுல அரை அரைக்கால். நம்ம தெருவுல ஒரு முழுத் தூக்கத்துக்கு மேல தூங்கறவங்க யாருங்க இருக்கறாங்க?"

"எனக்குத் தெரிஞ்சு கூட்டறதும் பெருக்கறதும் வாசலைத்தான்" என்று யாரோ சொல்ல, சிரிப்பதற்குத் தெம்பில்லாமல் எல்லாரும் குடத்தை நகர்த்தினார்கள்.

ஆனால் கணக்கு புரிந்தபின் தெரு அதற்குத் தக்கபடி நடக்கப் பழகிக்கொண்டது. எதிரில் வருகிறவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்கூட்ல எவ்வளவுங்க?" என்று கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பொழுது சாய்வதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று ஆயிற்று. டீக்கடைக்காரர் நான்கு மணிக்குமேல் டீ கேட்டு வருகிறவனைத் திட்டி அனுப்பினார். காதலில் விழுந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர் போய், பையன் நல்லவனோ கெட்டவனோ, இந்த வாரத்துக்குள் இரண்டிலொன்று சொல்லிவிடுங்கள், தெருவால் தாங்க முடியவில்லை என்று கேட்டுக்கொண்டார்கள். தெருவைத் தாண்டிவிட்டால் ஒட்டு விட்டுப்போகும் என்பதும் தெரிந்தது. வெளியூரில் சம்பந்தி வீடு உள்ளவர்கள் பஸ் ஏறிப் போய், சாப்பிடக்கூட எழாமல் தூங்கிவிட்டு வந்தார்கள். ஆனால் தூங்குவதற்கென்று எத்தனை முறைதான் சம்பந்தி வீட்டுக்குப் போவது, தறி இங்கே இருக்கிறது, அடுப்பு இங்கே இருக்கிறது.

அப்படியே கோடை போயிற்று. வீசத்திலும் உயிர் வாழலாம் என்று கண்டுகொண்டார்கள். ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது, நெய்த சேலையில் பூ ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது, பஸ் ஏறியவர்கள் எங்கே போக ஏறினோம் என்று கண்டக்டரிடம் கேட்டார்கள். ஆனாலும் வீசம் என்பது ஏதோ ஒன்று. அதில் ஒரு சின்னக் கனவு காண இடமிருந்தது. கண்ணுக்குள் இருந்த மணலை அது கொஞ்சம் கழுவிவிட்டது.

ஆடிக்காற்று கிளம்பிய சமயத்தில் அதுவும் நின்றது.

ஒரு நாள் தெருவில் யாருக்கும் தூக்கமே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொஞ்சமாகத் தூங்குவதற்கும் துளியும் தூங்காமல் இருப்பதற்கும் நடுவே இருக்கிற பள்ளம் எத்தனை ஆழம் என்று அப்போதுதான் தெரிந்தது. தறி ஓட்டுகிற ஒருவன் ஓடுகிற தறிக்குள் கையை வைத்துவிட்டு, நசுங்கிய விரலை வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர்களாவது சுவரில் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தார்கள். குழந்தைகளுக்கு அப்படிக் கிடக்கவும் தெரியவில்லை. கோகிலாவின் சிசு முதல் நாள் அழுதது, இரண்டாம் நாள் குரல் கம்மி அழுதது, அதற்கப்புறம் அழாமல் கண்ணை விரித்து விளக்கையே பார்க்க ஆரம்பித்தது. பாலைக் குடிக்க மாட்டேன் என்றது. குழந்தையையும் மகளையும் வெளியூர் அனுப்பலாம் என்றால், தையல் போட்ட இடம் சீழ் பிடித்து இன்னும் ஆறாத உடம்போடு கோகிலாவால் பஸ்ஸில் உட்கார முடியாது.

"எங்கியோ ஒரு பூஜ்யம் விழுந்திருக்குது" என்றாள் டீச்சர்.

அன்று மத்தியானம் தறிகளை நிறுத்திவிட்டுக் கோயில் முன்னால் கூடினார்கள். தறிச் சத்தம் இல்லாத தெரு, பல் விழுந்த வாய்போல் இருந்தது.

"யாரோ ஒருத்தர் துளிகூடத் தூங்கறதில்லை. அவ்வளவுதான்" என்றாள் டீச்சர். "ஒருத்தர் முக்கா தூங்குனாலும் சரி, முழுசாத் தூங்குனாலும் சரி, பூஜ்யத்தோட பெருக்குனா எல்லாம் பூஜ்யம். நூத்துல ஒரு பங்கு தூங்குனாக்கூடப் போதும், நம்ம எல்லாத்துக்கும் ஏதோ கொஞ்சம் வரும். பூஜ்யமா மட்டும் இருக்கக் கூடாது."

"அது யாருன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங் டீச்சர்" என்றார் அர்த்தநாரி.

"முடியாதுங்க. பூஜ்யம் வந்தப்புறம் விடையை வெச்சுட்டுத் திருப்பிப் போக முடியாது. யாரு அரை, யாரு கால், யாரு பூஜ்யம், எல்லாம் அதுக்குள்ள போயிருச்சு. அவங்களா சொன்னாத்தான் உண்டு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காதலித்த பெண்ணைப் பார்த்தார்கள், போன மாதம் அப்பாவைப் பறிகொடுத்த பையனைப் பார்த்தார்கள், செல்போன் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவன் தலையில் அடித்துக்கொண்டு, "நான் அதை வித்தே போட்டனுங்க" என்று அழுகிற குரலில் சொன்னான். பார்வைகள் இப்படி ஆளாளாகத் தொட்டுக்கொண்டே போய்க்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "நாந்தானுங்க" என்றாள்.

கடைசி வீட்டுச் செங்கமலம். அர்த்தநாரி வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தருகிற வேலை பார்த்தாள். அவள் புருஷன் பொன்னுரங்கம் ஒரு காலத்தில் அந்தத் தெருவின் அத்தனை தறியையும் ரிப்பேர் பார்த்தவன். பக்கவாதம் அடித்துப் பேச்சும் கைகாலும் போய்ப் படுத்திருந்தான். சளி அடிக்கடி தொண்டையை அடைக்கும், உடனே தலையை ஒருக்களித்துப் பிடித்து வாயைத் துடைத்துவிடவில்லையென்றால் மூச்சு நின்றுவிடும். அவன் தங்கை கூட இருந்தவரை செங்கமலம் உட்கார்ந்த வாக்கில் அவ்வப்போது கண்ணயர்வாள். அந்த நாத்தனார் பிழைப்புக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இவள் கண்ணை மூடவில்லை.

"ஏம்மா, இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றார் அர்த்தநாரி.

"சொன்னா என்னுங்க பண்றது? உங்களுக்கே தூக்கமில்லை." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

பிறகு அர்த்தநாரி, பேத்தியை நினைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "உன்ற அண்ணன் தோட்டத்துல ஒரு சாளை காலியாத்தானே கெடக்குது? கொஞ்ச நாளைக்கு அங்க போய் இருந்தா..." என்றார்.

"நானே கேக்கோணும்னு இருந்தனுங்க" என்றாள் செங்கமலம்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாமே அன்பாகத்தான் நடந்தது. சுமை ஆட்டோ ஒன்று வந்தது. நான்கு பேர் பொன்னுரங்கத்தைக் கட்டிலோடு தூக்கி, தலை ஆடாமல் வைத்தார்கள். ஒருத்தி பிளாஸ்கில் பால் கொடுத்தாள், ஒருத்தி துவைத்த பழந்துணிகளை மடித்துக் கொடுத்தாள், டீச்சர் இரண்டு தலையணை கொடுத்தாள். வசந்தாமணி கஞ்சி காய்ச்சி ஊட்டி, அவனுக்கு வாய் துடைத்துவிடக் குனிந்தபோது, அசையாத முகத்தில் அசைகிற இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. அவை கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. தெருவிலுள்ள மற்ற எல்லாக் கண்களையும்போல் சிவந்து, அலுத்துப்போய் இருந்தன.

ஆட்டோ முக்குத் திரும்பியதும் தெரு தூங்கியது. நின்றவர்கள் நின்ற இடத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்தவர்கள் சாய்ந்து, அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பணைந்து, மறுநாள் பகல்வரை தெருவில் நாய்கள் மட்டும் நடந்தன. சிசு தூங்கியது, எழுந்து பால் குடித்தது, மறுபடியும் தூங்கியது. கோகிலா தூக்கத்திலேயே சிரித்தாள். வீசத்துக்குப் பழகியிருந்தவர்களுக்கு முக்கால் கிடைத்தது. விருந்து சாப்பிட்டவர்கள்போல் வயிற்றைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

வசந்தாமணிக்கும் கிடைத்தது. முதல் சில நாள் கிடைத்தது. பிறகு அவள் படுத்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காமல் இருப்பது கேட்க ஆரம்பித்தது. எத்தனையோ வருஷமாக அந்தச் சுவர் வழியாக ஒரு கர்கர் சத்தம் வந்துகொண்டிருந்தது, அவள் அதைத் தறியின் சத்தம் என்றே நினைத்திருந்தாள். தறியின் எந்தப் பாகம் அப்படி இருமும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது தறிகள் ஓடின, அந்தச் சத்தம் மட்டும் இல்லை. முக்கால் அரையாகி, அரை காலாகி, ஒருநாள் தெரு மறுபடியும் விழித்துக்கொண்டு கிடந்தது.

இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வசந்தாமணியே, "இப்ப நானுங்க பூஜ்யம்" என்றாள்.

விஷயம் கேட்டு அர்த்தநாரி கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். "உனக்கென்ன வந்துது? உன்ற ஊட்ல யாரு படுத்துக் கெடக்கறாங்க?"

"யாருமில்லை. படுத்தா தூக்கம் வரலீங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உன்னையும் வண்டி ஏத்தி உட்றதா?"

"ஏத்துங்க" என்றாள் அவள். "எனக்கப்புறம் இன்னொருத்தி வருவா. அவளையும் ஏத்துங்க."

அர்த்தநாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குழாயை மூடினாள். "பூஜ்யத்தை எடுத்து எடுத்து வெளிய போட்டுட்டே இருந்தா கணக்கு சரியாத்தானுங்க வரும்" என்றாள். "கடைசியில முழுத் தூக்கம் கெடைக்கும். அதைத் தூங்க ஒருத்தர்தான் இருப்பாரு."

அர்த்தநாரி கோபமாக எதையோ சொல்ல வந்து, கொட்டாவி வந்து, சொல்ல வந்தது மறந்துபோய், "வண்டிக்குச் சொல்லு" என்றார்.

சாளை என்பது தோட்டத்து நடுவில் ஓடு போட்ட ஒற்றை அறை. செங்கமலத்தின் கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது. அண்ணி ஒருவேளை சோறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாளாம். வசந்தாமணி விஷயத்தைச் சொல்லித் திரும்பி வரக் கூப்பிட்டதும் செங்கமலம் மறுத்துத் தலையாட்டினாள்.

"வேண்டாங்க்கா. நான் வந்தா மறுபடியும் அதேதானே. குழந்தைக இருக்குது."

"நீ வராட்டியும் அதேதான். நானும் பூஜ்யந்தான் இப்ப."

"உங்களுக்கு என்னுங்க்கா கவலை?"

வசந்தாமணி பொன்னுரங்கத்தின் பக்கம் போய், கட்டில் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "எந்திரி. அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

திரும்பி வந்தபின் முறை வைத்துக்கொண்டார்கள். ஷிப்டு என்பது அந்தத் தெருவுக்குப் புதிதில்லை; தறிக்கு நிற்பதுபோல் பொன்னுரங்கத்துக்கும் ஆள் மாற்றி ஆள் நின்றார்கள். தலையை எப்படி ஒருக்களிப்பது, எந்தச் சத்தம் வந்தால் துடைப்பது, எந்தச் சத்தத்துக்குச் சும்மா இருக்கலாம் என்று எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். காதலித்த பெண் வந்தாள், செல்போன் மாப்பிள்ளை வந்தான், விரல் நசுங்கியவன் கட்டுப்போட்ட கையோடு வந்தான். ஆனால் தெருவுக்குத் தூக்கம் வரவில்லை. வசந்தாமணிக்குப் படுத்தால் கண் சொருகத் தயாராக இருந்தது, செங்கமலத்துக்குத்தான் தூங்கவே தெரியவில்லை. பாயில் படுப்பாள், கண்ணை மூடுவாள், யாராவது தும்மினால் கட்டிலருகே நிற்பாள். அவளுக்காகத் தறிகளை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த அமைதியில் அவள் மிரண்டு எழுந்து உட்கார்ந்தாள். மறுபடியும் ஓட்டினார்கள். வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்துவிட்டார்கள், கசகசா அரைத்துக் கொடுத்தார்கள், வேண்டாத தெய்வமில்லை. சிசு மறுபடியும் விளக்கைப் பார்க்க ஆரம்பித்தது. அர்த்தநாரி அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். செங்கமலம் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். வண்டி என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவெடுத்ததாகவும் தெரியவில்லை. அந்த அளவுக்குக் களைத்திருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் வசந்தாமணியின் முறை. செங்கமலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொன்னுரங்கத்தின் தொண்டையில் கர்கர் என்றது. செங்கமலத்தின் கை தரையை ஊன்றியது. எழவில்லை. வசந்தாமணி தலையை ஒருக்களித்து, விரலில் துணியைச் சுற்றித் துடைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். மூச்சு சீரானது. "ஆச்சு செங்கமலம், செரியாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

செங்கமலத்தின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தொட்டு எழுப்பிவிடுவோமோ என்று பயந்து வசந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது பெரிய தூக்கம் இல்லை. வீசத்திலும் வீசம் இருக்கும், அதற்குப் பெயர்கூட இருக்காது. ஆனால் தெருவில் எங்கோ அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையின் அழுகை நின்றது. பிறகு இன்னொன்று. வாசல் வழியாக, நடந்துகொண்டிருந்த அர்த்தநாரி நடுத்தெருவில் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவர் தோளில் கிடந்த சிசுவின் தலை அவர் கழுத்தோடு சாய்ந்திருந்தது. அவர் தன் வேட்டியைக்கூடச் சரி செய்யாமல், ஒரு கையால் அதன் முதுகைத் தாங்கிக்கொண்டு, வெயிலிலேயே நின்றார்.

வசந்தாமணிக்கும் வந்தது. முழங்காலில் ஆரம்பித்து வெந்நீர்போல் மேலே ஏறியது. அவள் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து அதைத் தள்ளிவிட்டாள். இப்போது இல்லை, முறை மாற ஆள் வந்தபிறகு.

கட்டிலில் பொன்னுரங்கம் விழித்திருந்தான். அவன் கண்கள் மனைவியைப் பார்த்தன, பிறகு வாசலைப் பார்த்தன, மறுபடியும் மனைவியைப் பார்த்தன. என்ன வேண்டும் என்று வசந்தாமணிக்கு முதலில் விளங்கவில்லை. தண்ணீரா என்று சைகையில் கேட்டாள். இல்லை. கண்கள் மறுபடியும் வாசலுக்குப் போயின. அப்போதுதான் பார்த்தாள், திறந்த கதவு வழியாக வெயில் நீண்டு வந்து செங்கமலத்தின் கன்னத்தைத் தொட்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு ஏறிவிடும்.

வசந்தாமணி ஓசைப்படாமல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.